சந்திரலேகாவின் கலர் நாற்காலி

சந்திரலேகாவைப் பற்றி எழுதும்படி என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். ஐந்து வருஷமாக அவளோடு ஒரே ரயிலில் போய், ஒரே பார்லரில் நின்று, ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவள் நான். அவள் புருஷன்கூட அவளை என் அளவுக்குக் கவனித்திருக்க மாட்டான். எனக்கு அவள் மேல் பொறாமை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதையெல்லாம் உள்ளபடி சொல்வதில் சங்கடம் இல்லை.

அவளுடைய ஊர் நாங்குநேரிப் பக்கம். மூன்று வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பம்பாய்க்கு வந்தாள். அப்பா மாசானம் தாராவியில் ஒரு தோல் கிடங்கில் மூட்டை தூக்கினார். வந்த மறு வருஷமே தாய் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட வீட்டில் பொம்பளை கிடையாது. மாசானமே பின்னிவிடுவார், மூட்டைக்குக் கயிறு கட்டுகிற அதே கையால். தலைக்கு வைப்பது கடையில் வாங்குகிற தேங்காய் எண்ணெய். முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தாள். பதினெட்டு வயதில் இசக்கிமுத்துவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் குர்லாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன்.

இசக்கிமுத்து குடிக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வந்து, தானே ஆய்ந்து கழுவியும் கொடுப்பான். எங்கள் வரிசையில் அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இரண்டு கதவுதான். அவன் மீன் கழுவுவது என் வாசலில் நின்றால் தெரியும். என் வீட்டுக்காரர் நயினாரும் கெட்டவர் இல்லை. ஆனால் மீனை வாங்கி வந்து வைத்துவிட்டு, அது தானாகக் குழம்பாகி வரும் என்று உட்கார்ந்திருப்பார். சந்திரலேகாவைப் பார்த்து நான் எரிய ஆரம்பித்தது பார்லரில் இல்லை. அந்த மீனில்தான்.

பார்லருக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனதும் நானேதான். அறுபத்து நாலில் இசக்கிமுத்துவின் பட்டறையை மூன்று மாதம் பூட்டிவிட்டார்கள். அவள் வந்து என்னிடம் வேலை கேட்டாள். செம்பூரில் மிஸஸ் பின்டோ என்ற கோவாக்காரி நடத்திய பெண்கள் பார்லரில் நான் அப்போது மூன்று வருஷமாகத் தலை கழுவிக்கொண்டிருந்தேன். துண்டு துவைக்க ஓர் ஆள் வேண்டும் என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். துண்டு துவைக்கிறவளால் நமக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். பெரிய மனசு பண்ணிக் கூட்டிப்போனேன்.

சயானில் ஏறி, குர்லாவில் இறங்கி, ஹார்பர் வண்டி பிடித்தால் செம்பூர். ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷ நடை. மாடியில் இரண்டு அறை. முன்னறையில் கண்ணாடிக்கு எதிரே மூன்று நாற்காலி. இரண்டு, முடி வெட்டவும் சுருட்டவும். வெளிச்சம் நேராக விழுகிற ஜன்னல் ஓரத்து நாற்காலியைக் கலர் நாற்காலி என்போம். கறுப்பு முடியைப் பொன்னிறமாக்குவது அதில் மட்டும்தான். பக்கத்திலேயே சினிமா எடுக்கிறார்கள். கிளப் நடனம் இல்லாத படம் அபூர்வம். முன்வரிசையில் ஆட நாலு வெள்ளைக்காரிகள் வேண்டும். வெள்ளைக்காரிகள் அகப்படாவிட்டால், அகப்பட்ட பெண்களை மிஸஸ் பின்டோவிடம் அனுப்புவார்கள்.

மருந்து என்பது பெராக்ஸைடும் அம்மோனியாவும். இரண்டையும் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, வெள்ளைப் பொடி போட்டு, இட்லி மாவு பதத்துக்குக் குழைத்து, பிரஷ்ஷால் பூச வேண்டும். கலக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டும். நம் ஜனங்களின் முடி லேசில் வெளுக்காது. நாலைந்து நாள் இடைவெளி விட்டு இரண்டு தடவை, மூன்று தடவைகூடப் போட வேண்டும். சீக்கிரம் கழுவினால் துருப்பிடித்த தகரம் மாதிரி நிற்கும். பிந்திக் கழுவினால் பஞ்சாகிப் பிய்ந்து வரும். மிஸஸ் பின்டோ மேஜையில் அலாரம் கடிகாரத்தை வைத்து நிமிஷம் எண்ணுவாள்.

சந்திரலேகா கடிகாரத்தைப் பார்க்க மாட்டாள். ஈரத் துண்டு எடுக்க வருகிற சாக்கில் பின்னால் நின்று நிறத்தைப் பார்ப்பாள். ஒருநாள் ரயிலில் அவளுடைய கணக்கை எனக்குச் சொன்னாள். முதலில் செங்கல். அடுத்தது ஆரஞ்சுப் பழத்தோல். அதற்கப்புறம் பலாச்சுளை. கடைசியில் அவித்த பனங்கிழங்கு. பனங்கிழங்கு நிறம் தெரிந்ததும் ஓடிப்போய்க் கழுவிவிட வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. இவள் என்ன, பார்லருக்கு வருகிறாளா, தின்பதற்கு வருகிறாளா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஒருநாள் மிஸஸ் பின்டோ ஒருத்திக்கு மருந்து பூசிவிட்டுக் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தாள். துண்டுக்கு வந்த சந்திரலேகா நின்று, மேம்சாப், இப்போதே கழுவ வேண்டும் என்று இந்தியில் சொன்னாள். கடிகாரத்தில் இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது. மிஸஸ் பின்டோ எரிச்சலோடு ஓர் இழையைத் துடைத்துப் பார்த்தாள். சரியாக வந்திருந்தது. மறு வாரம் பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்துப் பழக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் அதே அறையில்தான் மூன்று வருஷம் நின்றேன். தொட்டிக்குள் குனிந்த தலையை நான் நிமிர்த்தவே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

தலை கழுவுவது ஒன்றும் மட்டமான வேலை இல்லை. எண்ணெய்த் தலைக்கு உடனே மருந்து போடக் கூடாது. முதல் நாள் கழுவி எண்ணெயை எடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் வரச் சொல்ல வேண்டும். தலையில் புண் இருக்கிறதா, மருதாணி இருக்கிறதா, சாயம் இருக்கிறதா என்று கழுவுகிறவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இது மிஸஸ் பின்டோவின் சட்டம். ஆறுமுகத்தாய், அதாவது நான், சரி என்று சொன்னால்தான் மருந்தையே கலப்பாள். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. பிரஷ் சந்திரலேகாவின் கைக்குப் போன பிறகு, நான் கூட்டி வந்தவளுக்கு நானே ஒப்பித்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவள் என்னவோ மரியாதையாகத்தான் கேட்பாள். யக்கா, யக்கா என்று கூப்பிடுவாள். அதுவும் எரிந்தது.

எனக்கும் வரும், நானும் செய்வேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் இறங்கினேன். நயினார் வெளியே போயிருந்தார். பார்லரில் மிச்சம் விழுந்த பெராக்ஸைடையும் அம்மோனியாவையும் தனித்தனி மருந்து பாட்டிலில் கொண்டுவந்து வைத்திருந்தேன். கலந்து, காதுக்குப் பின்னால் என்னுடைய முடியிலேயே ஒரு கற்றையில் பூசினேன். செங்கல் நிறம் வரும் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷத்தில் தீக்கங்கை வைத்த மாதிரி சுட்டது. ஆவி எழும்பியது. வாளிக்குள் தலையை விட்டேன். கற்றை முழுவதும் வெந்த சேமியாவாகக் கையோடு வந்துவிட்டது.

வேறொருத்தியாக இருந்தால் அதோடு விட்டிருப்பாள். எனக்குப் பொறாமை விடவில்லை. சவுரி கட்டுவதற்காகச் சீப்பில் வருகிற முடியையெல்லாம் நான் சுருட்டி வைப்பேன். அதில் கொஞ்சம் எடுத்தேன். பக்கத்து வீட்டு ஆவுடையம்மாளிடம் அவளுடைய உதிர்முடியையும் கேட்டு வாங்கினேன். இரண்டையும் இரண்டு ஓட்டுத் துண்டில் வைத்து மருந்து பூசினேன். ஆவுடையம்மாளின் முடி அழகாகச் சிவந்தது. என்னுடையது கொதித்தது. அவளுடைய தலைக்கு பாட்டில் எண்ணெய். என் தலைக்கு என் அம்மா காய்ச்சி அனுப்புகிற எண்ணெய். நெல்லிவற்றலையும் கரிசலாங்கண்ணியையும் இரும்புச் சட்டியில் மூன்று நாள் ஊறவைப்பாள். மையாகக் கறுத்த பிறகு அதே சட்டியில் எண்ணெய் விட்டுக் காய்ச்சுவாள். அந்த இரும்பெல்லாம் வருஷக்கணக்காக முடியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பெராக்ஸைடு பட்டதும் அதுதான் தீயாக எரிகிறது.

இதைக் கண்டுபிடித்தவள் நான். மிஸஸ் பின்டோவுக்கே தெரியாது. அவளிடம் வந்தவர்கள் பார்சிப் பெண்களும் பஞ்சாபிப் பெண்களும் ஆங்கிலோ இந்தியரும்தான். இரும்புச் சட்டி எண்ணெயை அவள் எங்கே கண்டாள்? தாயில்லாமல் வளர்ந்த சந்திரலேகாவும் அறிய மாட்டாள். அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுநாளே அதையும் கற்றுக்கொண்டு என்னைவிட நன்றாகச் செய்வாள் என்று தோன்றியது. என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அதைக் கொடுக்க எனக்கு மனசில்லை. கொண்டையைக் கொஞ்சம் தாழ்த்திப் போட்டு, மொட்டையான இடத்தை மறைத்துக்கொண்டேன்.

அறுபத்தேழாம் வருஷம் தீபாவளிக்கு முன்னால் மிஸஸ் பின்டோ எங்கள் இருவரையும் நிறுத்திப் பேசினாள். அவளுக்குக் கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. நிறம் சரியாகத் தெரியவில்லை, இனிமேல் கலர் நாற்காலி ஒருத்தியின் பொறுப்பு என்றாள். அந்த ஒருத்திக்கு, அவள் பெயரை எம்பிராய்டரி போட்ட வெள்ளைக் கோட்டு கிடைக்கும். வருகிறவர்கள் அவளைப் பெயர் சொல்லிக் கேட்டு வருவார்கள். அடுத்த வாரம் சினிமாக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வருகிறாள், சந்திரலேகா தனியாகச் செய்யட்டும், சரியாக வந்தால் நாற்காலி அவளுக்கு என்றாள். வராவிட்டால் பார்க்கலாம் என்று என் பக்கம் ஒருமுறை திரும்பினாள். அந்தக் கோட்டு எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எழுதினால் வெட்கக்கேடு. என் உயரத்துக்கு எத்தனை கஜம் துணி ஆகும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

வந்த பெண் செம்பூரை அடுத்த கோவண்டியில் இருக்கிற தமிழ்க்காரி, பெயர் கனகவள்ளி. கம்பெனியில் கிட்டி என்று மாற்றியிருந்தார்கள். அதுவரை கடைசி வரிசையில் ஆடிக்கொண்டிருந்தாள். இந்தப் படத்தில்தான் முதல் தடவையாக முன்வரிசை. பொய்முடி வைத்தால் சுழன்று ஆடும்போது கழன்று விழுகிறதாம், அதனால் சொந்த முடியே வெளுக்க வேண்டும் என்று உத்தரவு. பின்னலை அவிழ்த்ததும் இடுப்பைத் தாண்டி விழுந்தது.

முதல் நாள் கழுவ என்னிடம் வந்தாள். வெந்நீர் பட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. நெல்லிவற்றலின் துவர்ப்பு வாடையும் துரு வாடையும் கலந்து, என் அம்மாவே வந்து பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. தொட்டியில் கறுப்புத் தண்ணீர் ஓடியது. அவளிடம் தமிழில் மெதுவாகக் கேட்டேன்.

"வீட்ல எண்ணெ காச்சுதது யாரு?"

"எங்கம்மைதான். இரும்புச் சட்டில போட்டு மூணு நாளு ஊற வைப்பா. ஏன் கேக்கிய?"

சும்மாதான், முடி நன்றாக இருக்கிறது என்றேன். அவள் சந்தோஷப்பட்டாள். நான் இன்னொரு குவளைத் தண்ணீரை ஊற்றி, தொட்டியில் நின்ற கறுப்பை யாரும் பார்ப்பதற்குள் கழுவிவிட்டேன்.

தலையைத் துவட்டி முடித்தபோது சந்திரலேகா வந்து கனகவள்ளியிடம் விசாரித்தாள். மருதாணி போடுவாயா, சாயம் போட்டதுண்டா, கறுப்புப் பொடி ஏதாவது தேய்ப்பாயா என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. நம் வீடுகளில் அதை யார் சாயம் என்று சொல்கிறார்கள்? எண்ணெய்தானே. அப்புறம் சந்திரலேகா வழக்கம்போல என்னிடம் திரும்பினாள்.

"யக்கா, கழுவும்போது எதாவது பாத்தியளா?"

"ஒண்ணுமில்லட்டி. வெறும் எண்ணெதான்."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் ரயில் ஏறினோம். பெண்கள் பெட்டியில் அவள் ஜன்னல் பக்கம், நான் எதிரே. அவள் நல்ல புடவை கட்டியிருந்தாள். இசக்கிமுத்து காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து காப்பி போட்டுக் கொடுத்தானாம். அதை என்னிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனோ என்னவோ. குர்லாவில் வண்டி மாறினோம். செம்பூர் வந்தது. இறங்கினோம். சொல்வதற்கு எனக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. அந்த முக்கால் மணி நேரமும் அவள் தோற்றுப்போய் நிற்பதை மனசுக்குள் பார்த்து ருசித்துக்கொண்டு வந்தேன்.

கனகவள்ளி பத்து மணிக்கு வந்து கலர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மிஸஸ் பின்டோ உள்ளறையில் டெலிபோனில் இருந்தாள். சந்திரலேகா முடியை நாலு பாகமாகப் பிரித்துக் கட்டினாள். நெற்றிப் பக்கம் முடி மெலிசு என்பதால் எப்போதும் பிடரியிலிருந்துதான் ஆரம்பிப்பாள். பிடரியில் பூசி, இடது காதுவரை வந்தாள். நான் துண்டு மடிப்பதுபோல நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். செங்கல் நிறம் வரவில்லை. வெள்ளைப் பசை நுரைத்தது.

"யக்கா, சுடுது" என்றாள் கனகவள்ளி. சந்திரலேகா கையை வைத்துப் பார்த்தாள். உடனே கையை எடுத்தாள். பிடரியிலிருந்து ஆவி வந்தது. அந்தப் பெண் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, என் வாய் தானாகக் கத்திவிட்டது.

"ஏட்டி, எண்ணெல இரும்பு கெடக்கு. தண்ணிய ஊத்து."

சந்திரலேகா திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். அதற்குள் எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது. அடுத்த கணம் கனகவள்ளியைத் தொட்டிக்கு இழுத்துப்போய், வெறுங்கையாலேயே பசையை வழித்து எறிந்து, குழாயைத் திறந்துவிட்டாள். நான் வாளி வாளியாக ஊற்றினேன். தோல் சிவந்ததோடு போயிற்று. ஆனால் பிடரியிலும் இடது காதுக்குப் பின்னாலும் உள்ளங்கை அகலத்துக்கு முடி கையோடு வந்துவிட்டது.

மிஸஸ் பின்டோ ஓடி வந்தாள். எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். இரும்புச் சட்டி எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டாள். சூடு ஏறிய பிறகுதான் வாடை தெரிந்தது என்றேன். கூசாமல் சொன்னேன். பிரஷ்ஷையே தொடாதவளுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லையே என்று அவள் சந்திரலேகாவின் பக்கம் திரும்பித் திட்டினாள். முந்தின நாள் கழுவியது நான். வெறும் எண்ணெய்தான் என்று சொன்னது நான். சந்திரலேகா அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று மத்தியானமே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அவள் என் பெயரையே எடுக்கவில்லை. தப்பு தன்னுடையது, முதலில் ஓர் இழையில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அவளுடைய விரலெல்லாம் மருந்து பட்டு வெள்ளை வெள்ளையாகத் தோல் வெந்திருந்தது.

கனகவள்ளி அழவில்லை. தொட்டியில் கிடந்த முடியைப் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்தாள். சவுரிக்கு ஆகுமா என்று கேட்டாள். ஆகாது என்று சந்திரலேகா சொன்னாள். ஆனாலும் கொண்டுபோனாள். கம்பெனியில் அவளை முன்வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பின்வரிசையிலும் நிறுத்தவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

முதல் தேதியிலிருந்து கலர் நாற்காலி எனக்கு. வெள்ளைக் கோட்டில் என் பெயரை நீல நூலில் போட்டுக் கொடுத்தார்கள். சந்திரலேகாவைத் தலை கழுவும் தொட்டிக்கு மாற்றினார்கள். அவள் வேலையை விட்டுப் போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். பட்டறை திறந்து வெகுநாள் ஆகியிருந்தது, போயிருக்கலாம். போகவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல என் வாசலில் வந்து நின்று, "யக்கா, வாரியளா, நேரமாச்சு" என்று கூப்பிட்டாள்.

என்னிடம் முதலில் வந்தவள் ஹபீபா என்ற நடனக்காரி. சந்திரலேகா முந்தின நாள் கழுவி அனுப்பியிருந்தாள். மருந்தைக் கலக்கப் போனவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்தத் தலையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவள் தொட்டிப் பக்கம் துண்டு பிழிந்துகொண்டிருந்தாள். அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். எதுவும் சொல்லாமலும் இருக்கலாம். நான் அவளிடம் போய் நின்று, கழுவும்போது என்ன பார்த்தாய் என்று கேட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். வலது காதுக்குப் பின்னால் பழைய மருதாணி இருக்கிறது, நுனியில் மட்டும், அதை விட்டுவிட்டுப் பூசுங்கள் என்றாள். உச்சியில் சீப்பு குத்தின புண் ஒன்று ஆறிக்கொண்டிருக்கிறது, அங்கே வாஸலீன் வைத்துவிடுங்கள் என்றாள்.

நான் நம்பவில்லை. அவள் போன பிறகு ஹபீபாவின் தலையைப் பிரித்துப் பார்த்தேன். மருதாணி இருந்தது. புண்ணும் இருந்தது. ஓர் இழையில் மருந்து வைத்தும் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மாதம் இப்படித்தான் ஒவ்வொரு தலையையும் அவளுக்குத் தெரியாமல் சோதித்தேன். ஒரு தடவையாவது ஒன்றை மறைத்திருப்பாள், ஒன்றை மாற்றிச் சொல்லியிருப்பாள் என்று தேடினேன். கிடைத்திருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். கிடைக்கவில்லை. நிறமும் எனக்குச் சரியாகப் பிடிபடாது. நான் தடுமாறும்போது அவள் துண்டோடு பக்கத்தில் வந்து, "பலாச்சொளதான்க்கா, இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போவாள். வருகிறவர்கள் என் பெயரைச் சொல்லித்தான் கேட்டு வருகிறார்கள். அந்தப் பெயரில் பாதி அவளுடையது என்று எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். சோதிப்பதை எப்போது நிறுத்தினேன் என்று ஞாபகமில்லை. இப்போது அவள் சொன்னதும் கலந்துவிடுகிறேன்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அன்று நடந்ததைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அழுதிருப்பேன். ஏதாவது ஒன்று முடிந்திருக்கும். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்க என்னைத்தான் முதலில் கூப்பிட்டாள். அவளுடைய விரல் நுனியில் தோல் இன்னும் ஒரு நிறமாக இல்லை. நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

போன மாதம் வேலை முடிந்து திரும்பும்போது கேட்டுவிட்டேன். குர்லாவில் ஏறிக் கதவுப் பக்கம் நின்றிருந்தோம்.

"ஏட்டி, அன்னைக்கு நான் ஒனக்குச் சொல்லல. நீ மட்டும் எனக்கு ஏன் எல்லாத்தையும் சொல்லுத?"

நான் என்னவோ புதிதாகக் கேட்டுவிட்டது போல அவள் என்னைப் பார்த்தாள்.

"அது வந்து உக்காருத பிள்ள தலைல்லா, யக்கா. ஒங்க தலையா?"

சயான் வந்தது. அவள் இறங்கினாள், நானும் இறங்கினேன். படிக்கட்டு ஏறும்போது கனகவள்ளியின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. அவளுடைய முடியின் நீளம் நினைவிருக்கிறது, எண்ணெயின் வாடை நினைவிருக்கிறது. முகம் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்த இரண்டு நாளும் அவள் என் கைக்குள்தான் இருந்தாள், நான் சந்திரலேகாவையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.